இந்த ஆட்டம் எந்த நாட்டுக்குப் போகிறது

எம்ப்ராய்டரி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், கண் தானாகச் சொருகும். ஊசிகள் எல்லாம் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழும் அந்தச் சத்தம் முதலில் காதை அடைக்கும். பிறகு மழை மாதிரி ஆகிவிடும். அதற்கும் பிறகு சத்தம் இருப்பதே மறந்து நாம் வேறெங்கோ இருப்போம். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் அங்கேதான் போவேன். அப்படிப் போன ஒரு நாள், சாம்பிள் அடிக்கும் சின்ன மெஷினின் கீழே, கழிவுத் துணியில், ஒரு பெண் நடந்து போவதைப் பார்த்தேன்.

நூலால் ஆன பெண். கட்டைவிரல் உயரம் இருப்பாள். ஒரு படத்தில் வலது கால் முன்னால், அடுத்ததில் இடது கால், அதற்கடுத்ததில் தலை கொஞ்சம் சாய்ந்து. வரிசையாக அடித்திருந்த அந்தப் படங்களின் மேல் கண்ணை ஓட்டினால் அவள் நடந்தாள். கண்ணை நிறுத்தினால் நின்றாள். முகத்தில் இரண்டே இரண்டு தையல், அதில் ஒரு யோசனை இருந்தது.

மெஷினுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் எங்கள் பஞ்சிங் புள்ளை. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் படத்தை எந்த நூல், எந்தப் பக்கம், எங்கே தொடங்கி எங்கே முடிவது என்று மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதற்குப் பேர் பஞ்சிங். அவளுக்கு அதில் நல்ல கை.

"யாரு அம்மிணி இது? எந்த பையருக்கு?" என்று கேட்டேன்.

"பையரெல்லாம் இல்லீங்க்கா. இவ என்ற ஆட்டத்துல வர்றவ. நடை சரியா இருக்குதான்னு நூல்ல அடிச்சுப் பாத்தேனுங்."

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது, அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறாள் என்பது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான், பையரோடு எழுதிப் பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் ஆனது இங்கிலீஷால். அந்த இங்கிலீஷ் வந்தது பையர்கள் அனுப்பிய மெயிலால். ஒவ்வொரு மெயிலையும் நாலு தரம் படித்து, அதே வாக்கியத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பதில் எழுதி எழுதி வந்த இங்கிலீஷ். கேம் பழக்கமும் அப்படியேதான். பிள்ளைகளுக்கென்று வாங்கிய பழைய கேம் பெட்டியை, பிள்ளைகள் போனுக்குத் தாவிய பிறகு, தூசி தட்டி நான் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சோறாக்கி முடித்துவிட்டு உட்கார்ந்தால், யாரோ ஒரு ராஜகுமாரனின் செருப்பில் என் கால் இருக்கும். வெளியே மிக்ஸி ஓடும், கொரியர்காரர் கூப்பிடுவார், நான் ஏதோ ஒரு பனிமலையில் இருப்பேன்.

ஒரு கதைக்குள் ஒரு ஆளாகவே நுழைந்து, அந்த ஆளை வளர்த்துக் கதையை நடத்திக்கொண்டு போகிற ஆட்டங்கள் அவை. அவற்றை உலகம் இரண்டு தட்டில் பிரித்து வைத்திருக்கிறது: ஜப்பான் வகை, மேற்கத்திய வகை. ஜப்பான் வகையில் நாயகன் தயாராக வந்து நிற்பான். பேர் இருக்கும், விறைத்து நிற்கும் முடி இருக்கும், சின்ன வயதில் எரிந்துபோன ஒரு ஊர் இருக்கும். கூடவே சிநேகிதர்கள். சண்டை வந்தால் வரிசையில் நின்று, இவன் ஒரு அடி, பிறகு அவன் ஒரு அடி. கதை எங்கே போய் முடியும் என்பது எழுதியாகிவிட்டது. மேற்கத்திய வகையில் முதலில் நம்மைத்தான் கேட்பார்கள், நீ யார் என்று. மூக்கு எப்படி, உயரம் எவ்வளவு, வாளா வில்லா, யோக்கியனா திருடனா. எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஒரு பெரிய வெளியில் இறக்கிவிட்டு, போ என்பார்கள். எங்கே என்று சொல்ல மாட்டார்கள்.

இதை ஒரு நாள், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினேன். பொங்கலூரிலிருந்து வரும் ஒரு அக்கா, ஊறுகாயை நக்கிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப அந்த ஜப்பானுங்கறது கூட்டுக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டுப் போறதுங். எல்லாம் மின்னாடியே முடிவு பண்ணி வெச்சிருப்பாங்க, நாம போயி நின்னாப் போதும். இன்னொண்ணு தனிக்குடித்தனம்."

"தனிக்குடித்தனம் போனா மட்டும்? அங்கயும் அதே ரசத்தத்தான் வெக்கோணும்," என்றார் எதிரில் இருந்தவர்.

"உன்ற ரசத்துக்கு எந்த நாட்டுக்காரனும் ஆட வரமாட்டான், நீ உண்ணு."

இந்த மாதிரிப் பேச்சு என் காதில் விழுந்தால் போகாது. எங்கே கேட்டேன், யார் சொன்னார், அப்போது கையில் என்ன இருந்தது எல்லாம் சேர்ந்தே தங்கிவிடும். இன்றைக்கும் அந்த வகை ஆட்டம் எதையாவது போட்டு, நாயகன் சாமான் மூட்டையோடு வந்து நின்றால், புது மருமகள் வாசலில் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

ஆனால் ஜப்பான் வகை என்ற பேரை நானும் பஞ்சிங் புள்ளையும் முதலில் புரிந்துகொண்டது வேறு மாதிரி. எங்கள் கம்பெனியில் ஜப்பான் பீஸ் என்றால் ஜப்பானுக்குப் போகிற பீஸ். ஜெர்மனி என்றால் ஜெர்மனிக்கு. திருப்பூர் பீஸ் என்று யாரும் சொல்வதில்லை, எல்லாமே திருப்பூர்தானே. துணி பிறந்த ஊர் யாருக்கும் பேச்சே இல்லை, போய்ச் சேரும் ஊர்தான் அதன் பேர். ஜப்பான் என்று சொன்னால், உடைந்த ஊசித் துணுக்கு உள்ளே கிடக்கிறதா என்று ஒவ்வொரு பீஸையும் மெஷினில் விட்டுப் பார்க்கவேண்டும் என்பது வரை கை தானாகத் தயாராகிவிடும். அதனால் ஜப்பான் வகை ஆட்டம் என்றால், ஜப்பான்காரர்கள் ஆடுவதற்காகச் செய்த ஆட்டம் என்றே வெகு நாள் நினைத்திருந்தோம்.

அவள்தான் முதலில் சந்தேகப்பட்டாள். "ஏனுங்க்கா, அது ஜப்பான்ல செஞ்சதுங்களா, ஜப்பானுக்குச் செஞ்சதுங்களா, இல்ல ஜப்பான்காரங்களாட்டம் செஞ்சதுங்களா?"

தேடிப் பார்த்தால், இந்த மூன்றுக்கும் உலகம் முழுக்க அடிதடி. செய்த ஊரை வைத்துத்தான் சொல்லவேண்டும் என்று ஒரு கூட்டம். செய்த விதத்தை வைத்து என்று இன்னொரு கூட்டம். ஐரோப்பாவில் செய்ததைக்கூட இவர்கள் ஜப்பான் வகை என்பார்கள். ஜப்பானில் ஆட்டம் செய்கிறவர்களிலேயே சிலருக்கு அந்தப் பேர் பிடிக்காதாம், அவர்களுக்கு அது வெறும் ஆட்டம்தான். இத்தனைக்கும் வேர் ஒன்று. அமெரிக்கப் பிள்ளைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடிய ஆட்டம், கம்ப்யூட்டருக்குள் போய், கடல் தாண்டி, அங்கே வேறு சாயம் ஏறி, மறுபடி இந்தப் பக்கம் வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு, ஒரே பஞ்சு ஊர் ஊராகப் போய் வெவ்வேறு பேரில் திரும்பி வருவது கண்ணில் ஓடும்.

அவள் ஆட்டத்துக்கு வருகிறேன். அதில் ஒரு ஊர் இருக்கிறது, நிறமே இல்லாத ஊர். ஆறு, சுவர், மாடியில் காயும் துணி எல்லாம் வெளுத்த சாம்பல். காற்றில் மட்டும் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். அந்த நூல் பெண் கையில் ஒரு சின்னத் துணித் துண்டு, அதில் மட்டும் ஒரு நிறம். அது எந்த நிறம் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. மழைக்கு முன்னால் நாவல்பழத்தை அழுத்தினால் விரலில் ஒட்டுவதற்கும், விடியக் கொஞ்சம் முன்னால் வானம் இருப்பதற்கும் நடுவில் ஒன்று. அந்த நிறம் எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு ஆற்றை எதிர்த்து அவள் நடக்கிறாள். வழியில் மறிப்பவை தூங்கிப்போன மெஷின்கள். அவற்றோடு வாள் சண்டை கிடையாது.

"சண்டை இல்லீங்க்கா. பேச்சு. இவ ஒண்ணு சொல்லுவா, அது ஒண்ணு சொல்லும். நல்லாச் சொல்லிப் போட்டா அது வழி உட்ரும், கொஞ்சம் நிறமும் குடுக்கும்."

"என்ன பேசும்?"

"அதுக்குத்தானுங்க்கா உங்களத் தேடி வந்தது. டேபிள்ல ஒருத்தருக்கொருத்தரு வாரிக்குவாங்களே, அதயெல்லாம் நீங்கதான் தலைல வெச்சிருக்கறீங்க."

கரும்பு தின்னச் சொல்லிக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. வாய் வலிக்கச் சொன்னேன். 'நீ பேசறத கேட்டா கரண்ட்டே போயிருமாட்ட இருக்குது' என்று ஒரு மெஷின் சொல்லும். 'வந்தா பொத்தான் தைப்பேன், வராட்டி வாயத் தைப்பேன்' என்று நம் ஆள் திருப்பித் தருவாள். எல்லாம் யாரோ ஒரு வெயில் நாளில் உண்மையாகவே சொன்னவை.

இவ்வளவையும் அவள் எதற்காகச் செய்கிறாள் என்று ஒரு முறை கேட்டேன். மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எத்தன பேரு நெஞ்சுல என்ற தையல் இருக்குதுங்க்கா. சிங்கம், கிரீடம், நங்கூரம். ஒண்ணு கூட என்னுது இல்லீங். என்னுதுன்னு ஒண்ணு செஞ்சு, நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தரு அதக் கடேசி வரைக்கும் ஆடிப் பாக்கோணும். அவ்வளவுதானுங். வளைகாப்பு முடிஞ்சா சோமனூருக்கு அம்மா ஊட்டுக்குப் போயிருவேன். கொழந்தை வந்துட்டா அப்பறம் கம்ப்யூட்டராவது ஒண்ணாவது. அதுக்குள்ள முடியலீன்னா இத்தோட உட்டர்றதுதான்."

வயிறு அப்போதுதான் சுடிதாரில் தெரிய ஆரம்பித்திருந்தது.

அவள் வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கம் ஏரல்காரர், இன்னொரு கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். சாயங்காலம் பைக்கில் கூட்டிப்போக வந்தவர் என்னிடம் முறையிடுவார்.

"யக்கா, இவ பாட்டுக்குச் செவத்தயே பாத்துட்டு இருக்கா. என்னளான்னு கேட்டா, செவத்துக்கு என்ன நெறம்னு யோசிக்கேங்கா. நான் என்ன செய்ய?"

"நீங்க ஆடிப் பாத்தீங்களா?"

"ஆடாம? ஆத்துக்குள்ள எறங்கிப் பாத்தேன், எறங்க விட மாட்டேங்கு. செவத்துல முட்டிப் பாத்தேன். ஒரு வீட்டுக் கதவு தொறந்தே கெடக்கு, உள்ள போவ முடியல. கதவத் தொறந்து வச்சிட்டு உள்ள வராதன்னா என்னக்கா அர்த்தம்?"

"அப்ப நீங்க மேற்கத்திய ஆளு," என்றேன்.

"நான் ஏரல் ஆளுக்கா."

ஆட்டத்தின் முதல் பாதி ஓடும் நிலைக்கு வந்ததும், பேச்சையெல்லாம் நான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றுதானே. அதனால் அந்த ஊரின் மெஷின்கள் எல்லாம் மிகுந்த மரியாதையோடு வைதன. தங்கள் வாயைத் தைப்பதற்கான எங்கள் திட்டத்தை இத்துடன் இணைத்துள்ளோம், தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறோம், என்கிற மாதிரி. படித்துக் காட்டியதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அதற்கு அடுத்துத்தான், திருப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை அவள் செய்தாள். பாதி ஆட்டத்தை சாம்பிள் மாதிரி அனுப்பி, கமெண்ட் கேட்டாள்.

எங்கள் தொழிலில் சாம்பிள் போகும், பையர் கமெண்ட் வரும். கழுத்து அரை இஞ்ச் இறக்கு, கை நீளத்தைக் குறை, நிறம் ஒரு சுற்று ஆழமாக வேண்டும். கமெண்ட் வந்தால் மறுபேச்சு இல்லை. சரியா தப்பா என்று யோசிப்பதுகூட இல்லை, செய்து முடித்து அடுத்த சாம்பிளை அனுப்பவேண்டும். அதுவும் ஒரே பனியன் இரண்டு நாட்டுக்குப் போனால் இரண்டு கமெண்ட் வரும், இரண்டையும் பார்க்கவேண்டும். அவளும் அதே முறையில் இரண்டு இடத்துக்கு அனுப்பினாள். ஜப்பான் வகைப் பிரியர்கள் கூடிப் பேசும் ஒரு இணையக் குழுவுக்கு ஒன்று, மேற்கத்திய வகைக்காரர்களின் குழுவுக்கு ஒன்று.

வந்ததே கமெண்ட். ஜப்பான் பக்கத்தார் சொன்னார்கள்: இவளுக்கு ஒரு கடந்த காலம் வேண்டும், அழ ஒரு காரணம் வேண்டும், கூட நடக்க ஒரு சிநேகிதன் வேண்டும். மேற்குப் பக்கத்தார் சொன்னார்கள்: முகத்தை நாங்களே அமைத்துக்கொள்ளும்படி விடு, திறந்த கதவுக்குள் விடு, ஆற்றை எதிர்த்துத்தான் போகவேண்டுமா, எந்தத் திசையிலும் போக விடு. நான் எல்லாவற்றையும் தமிழில் படித்துச் சொல்லச் சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

அவள் அத்தனையையும் செய்தாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு பருவம் முழுக்க அதிலேயே போனது. கம்பெனியில் எதிரே போய் நின்றால் என்னைத் தாண்டி எதையோ பார்ப்பாள். வேலை செய்துகொண்டே தூங்குகிறாளா, தூங்கிக்கொண்டே வேலை செய்கிறாளா என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடு, முதல் மாடி. சன்னலுக்கு வெளியே மழை கம்பிகம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. புது ஆட்டத்தை அவள் வீட்டுக்காரர் ஆடிக்கொண்டிருந்தார். முதலில் முகம் கேட்டது, கொடுத்தார். பெரிய மீசையோடு ஒரு ஆண். அந்த மீசைக்காரனுக்கு, சின்ன வயதில் அம்மாவின் பின்னலைப் பிடித்துக்கொண்டு தூங்கிய பெண்ணின் கடந்த காலம் வந்தது. கூடவே ஒரு சிநேகிதன், நிறுத்தாமல் பேசினான். திறந்த கதவுக்குள் போனார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, அவள் வரையவில்லை. எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச தூரத்தில் ஊர் முடிந்து வெறும் சாம்பல் வந்தது. அதில் மீசைக்காரன் கையில் ஒரு துணித் துண்டோடு நின்றான்.

அவர் கையை எடுத்துவிட்டார். "ஏளா, அவ எங்க?"

"எவ?"

"நடந்து போவாளே, அவ. இவன் யாரு, எனக்குத் தெரியாதே."

"நீங்கதான செவுத்துல முட்டிட்டுக் கெடந்தீங்க, உள்ள உடுன்னு."

"முட்டத்தான் செய்வேன். அதுக்காவ நீ செவத்த எடுத்திருவியா? அவ பின்னால போறதுக்குத்தானே நான் முட்டுனேன்."

அவள் எழுந்து போய் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழையில் எதிர் மாடி தெரியவில்லை, கீழே தெருவும் தெரியவில்லை. அந்த வீடு மட்டும் எங்கேயோ மிதந்து போகிற மாதிரி எனக்கு இருந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"ஏனுங்க்கா, அந்தக் குழுவுல இருக்கறவங்க நம்ம பையருங்களா?"

"இல்ல கண்ணு. வெறும் ஆளுங்கதான்."

"ஆர்டர் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் எதுக்குங்க்கா எல்லாத்தயும் கேட்டேன்?"

 கம்பெனிப் பழக்கம் நல்லதுக்கும் இருக்கிறது. முதல் சாம்பிளை நாங்கள் எறிய மாட்டோம், ஆர்டர் முடிந்து கப்பல் ஏறின பிறகும் வைத்திருப்போம். அவளும் முதல் ஆட்டத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அன்றைக்கு அதைத் திறந்தாள். நூல் பெண் ஆற்றோரம் நின்றிருந்தாள், முகத்தில் அந்த இரண்டு தையலோடு, யோசனையோடு. வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உடனே அவளை ஆற்றுக்குள் இறக்கப் பார்த்தார். ஆறு விடவில்லை. "ஆங், இது ஆறு," என்றார்.

மிச்சப் பாதியை அவள் யாரையும் கேட்காமல் செய்தாள். வளைகாப்புக்குப் பூ சொல்லி, புளிசாதம் சொல்லி, கண்ணாடி வளையல் கலர் பார்த்து வந்த வாரத்தில் முடித்தாள். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு கீபோர்டில் தட்டியபோது, எழுத்துக்கு ஒரு கிணுகிணுப்பு கேட்டது.

ஆட்டத்தை வெளியே விடுவதற்கு ஒரு இணையப் பக்கம். படம் கேட்டது, கொடுத்தோம். பிறகு, எந்த வகை என்று கேட்டது. ஜப்பான், மேற்கு, இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். அவள் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நாடு தெரியாமல் துணியை வெட்டியதே இல்லை நாங்கள். எந்த நாடு என்று தெரிந்தால்தான் அளவு, லேபிள், மடிப்பு, பாலிதீன் கவர் வரைக்கும். இதுவோ எங்கே போகிறது, யார் பிரிக்கப் போகிறார், அங்கே அப்போது பகலா ராத்திரியா, ஒன்றும் தெரியாமல் கிளம்பி நிற்கிறது.

"செஞ்சது நம்மூருதானுங்க்கா. அந்தப் பேரு இல்லீங்களா இதுல?"

"இல்லயே கண்ணு."

"செரி, இந்த ரெண்டு ஜனத்துல எந்த ஜனத்துக்குப் பொறுமை சாஸ்தி?"

யோசித்தேன். சண்டையில் தன் முறை வரும்வரை நின்று பார்ப்பவர்கள் அந்தப் பக்கம்தான். "ஜப்பான் வகைக்காரங்களுக்கு," என்றேன்.

"அப்ப அங்கயே வைங்க."

வைத்தோம். அடுத்த நாள் அவளைச் சோமனூருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். அந்தப் பக்கத்தின் கீழே ஒருத்தர், இது ஜப்பான் வகையே இல்லை, ஜப்பானில் செய்யவே இல்லை என்று எழுதினார். இன்னொருத்தர், முகம் இருக்கிறது, முறை வைத்துப் பேசுகிறார்கள், வேறென்ன வேண்டும் என்றார். மூன்றாவது ஆள், இந்தப் பெண் எதற்காகவும் அழவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை, ஆகவே மேற்கு என்றார். எல்லோரும் பாதியில் எங்கேயோ நின்றுகொண்டுதான் சண்டை போட்டார்கள். ஆட்டத்தின் கடைசியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளுக்குப் போனில் படித்துச் சொல்வேன். அந்தப் பக்கம் அம்மா வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில், "கடேசி வரைக்கும் யாராச்சும்?" என்பாள். இன்னும் இல்லை என்பேன்.

கடைசி என்பது இப்படி. நூல் பெண் ஆற்றின் தலைக்குப் போய்ச் சேர்கிறாள். அங்கே ஒரு லைன் வீட்டின் மாடிப்படி. கையிலிருந்த துணித் துண்டை அவள் தண்ணீரில் விட, ஊர் முழுக்க அந்த நிறம் இறங்குகிறது. அவள் படியில் உட்காருகிறாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பஞ்சு பறக்கிறது, துணிகள் ஆடுகின்றன, அவள் மூச்சு விடுகிறாள். முற்றும் என்று எதுவும் வராது. ஆடுகிறவராகப் பார்த்து நிறுத்தினால்தான் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை கம்பெனிக்குப் போகும் வழியில் போனைத் திறந்தால், புதிதாக ஒரு கமெண்ட். பேர் இல்லை, ஊர் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படித்தேன். உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"அம்மிணி, ஒருத்தரு முடிச்சுட்டாரு."

 "நெசமாவாங்க்கா?"

"படியில அவ உக்காந்தது வரைக்கும் வந்திருக்கறாரு. அதுக்கப்பறம் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாராம். டீ வெச்சுக் குடிச்சுட்டு வந்து மறுபடி பாத்தாராம். அவ உக்காந்துட்டே இருந்தாளாம்."

"ஆமாங்க்கா. உக்காந்துட்டுத்தான் இருப்பா."

"ஆட்டம் ஏதாச்சும் சிக்கி நின்னுபோச்சான்னு கேக்கறாரு. முடிஞ்சுதுன்னு ஒரு எழுத்துப் போட்டா நல்லா இருக்கும், தயவுசெஞ்சு சேருங்கன்னு எழுதியிருக்கறாரு."

பேசிக்கொண்டே என் கட்டைவிரல் பழக்கத்தில் பதிலைத் தட்டத் தொடங்கியிருந்தது: தங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம், அடுத்த சாம்பிளில் திருத்தி அனுப்புகிறோம்.

"என்னன்னு எழுதறீங்க?" என்றாள்.

சொன்னேன்.

"வேண்டாங்க்கா. அது அப்படித்தான்னு போடுங்க. அவ உக்காந்திருக்கறா, அவ்வளவுதான்."

அடித்ததை அழித்தேன். இத்தனை வருஷ மெயிலில், மாற்ற மாட்டோம் என்று ஒரு வாக்கியம் நான் எழுதியதே இல்லை. எடுத்துப் போடுவதற்கு ஒரு மாதிரிகூடத் தலையில் கிடையாது. வண்டிகள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன, வாடகை வேன் நிறையச் செக்கிங் பெண்கள் கை ஆட்டிப் போனார்கள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி வைத்தேன். ஒன்றும் சிக்கவில்லை, அவள் உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் போகும்போது போகலாம். அவ்வளவுதான் வந்தது.

"மரியாதையா இருக்குதுங்களா?"

"இருக்குது. ஆனா முடியாதுன்னுதான் இருக்குது."

"கோவிச்சுக்குவாரோ?"

"தெரியல கண்ணு."



"கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டுமுங். டீ வெச்சுக் குடிச்சுட்டு வந்து பாத்தாருன்னீங்களே, அத மட்டும் இன்னொருக்காப் படிங்க."

அனுப்பிவிட்டு, படித்தேன்.